ஐந்து ரூபாய் ஓ-ரிங்கும் ஒரு ஸ்பிரிங் ஏர்கன்னும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோப்பில், பத்து மீட்டரில் வைத்த அட்டையில் ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தைக் கிழித்திருந்தன. ஓரத்திலிருந்து ஓரம் வெர்னியரில் 18 மி.மீ. ஒரு ரூபாய்க் காசை மேலே வைத்தால் ஓட்டை தெரியவில்லை. தற்செயலாக இருக்கும் என்று இன்னும் மூன்று அட்டை சுட்டேன். 19, 17, 21. இரண்டரை மாதமாக இதைக் கழற்றிக் கழற்றி மாட்டியவனுக்கு மட்டும்தான் அந்த எண்களின் ருசி தெரியும்.

ரைபிள் எது என்று பெயர் சொல்லப்போவதில்லை. நம் நாட்டில் தயாராவது. பேரலை மடக்கி குண்டு போடும் ஸ்பிரிங் வகை, 4.5 மி.மீ. மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், சுட்டால் அது பிஸ்டனைத் தள்ளும், அந்தக் காற்றழுத்தத்தில் குண்டு போகும். ஜெர்மனியின் பழைய டயானா 35 வடிவத்தைப் பார்த்துச் செய்தது. விலை கைக்கு அடக்கம், அதனால் பல பேரிடம் இருக்கிறது. கோவையில் நான் வாங்கிய கடைக்காரர் சமீபத்தில், "புது மாடல் வருதுங்க தம்பி, வேகம் இன்னும் ஜாஸ்தி" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கவலைதான் வந்தது. ஏன் என்பது கீழே வரும்.

முதலில் ஆரம்ப நிலை. நண்பர் ஒருவரிடம் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இரவல் வாங்கி, பத்து குண்டு சுட்டுப் பார்த்தேன். குண்டின் எடை 0.53 கிராம். சராசரி விநாடிக்கு 172 மீட்டர். சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பத்தில் குறைந்தது 158, கூடியது 187. அதாவது ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்த மாதிரி. அட்டையில் ஐந்து குண்டு 45 மி.மீ.க்குப் பரவியது. ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் அட்டையின் வெளிவட்டமே 45.5 மி.மீ.தான், நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் இடம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. அங்கே புள்ளிக்குப் போட்டி நடக்கிறது, எனக்கு அட்டைக்குள் விழுந்தாலே பெரிது.

போதாக்குறைக்கு சத்தம். சுட்டவுடன் உள்ளே ஸ்பிரிங் 'டொய்ங்ங்' என்று அதிரும். கன்னத்தை வைத்துச் சுட்டால் பல் கூசும்.

திறக்கும் வேலைதான் இதில் ஆபத்தானது. உள்ளே ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது. பின்முனைக் கட்டையை இரண்டு பின்கள் பிடித்திருக்கின்றன. அவற்றைச் சும்மா தட்டி எடுத்தால் கட்டை முகத்துக்கு வரும். தச்சுப் பட்டறையில் நாலடி பார் கிளாம்ப் ஒன்று இரவல் வாங்கி வந்து, கனமான பலகையில் இரண்டு கட்டைகள் அடித்து, ரைபிளை அதற்குள் படுக்கவைத்தேன். கிளாம்பால் லேசாக அமுக்கி, பின்னைத் தட்டி, பிறகு திருகு திருகாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் முழுக்கத் தளர 60 மி.மீ. வெளியே வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன், பக்கவாட்டில் நின்றுதான் செய்தேன். இதில் சோம்பல் கூடாது.

உள்ளே பார்த்ததும் சத்தத்துக்குக் காரணம் புரிந்தது. ஸ்பிரிங்கின் உள்விட்டம் 13.2 மி.மீ. அதற்குள் நிற்கும் கைடு 12.1 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். ஸ்பிரிங் முனைகள் தட்டையாகத் தேய்க்கப்படவில்லை, அதனால் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. பிஸ்டன் முனையில் தோல் வாஷர், காய்ந்து முறுக்கு மாதிரி. சிலிண்டரில் லோட் செய்யும் கம்பி ஓடும் நீளப் பள்ளத்தின் ஓரமெல்லாம் பிசிறு. விரலை ஓட்டினேன், ரத்தம் வந்தது. அந்தப் பிசிறைப் பார்த்த அன்றே அரம் எடுத்திருந்தால் இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும். நான் அதைச் செய்யவில்லை. எனக்கு வேகம்தான் குறி.

450 ரூபாய்க்கு ஹெவி ஸ்பிரிங் ஒன்று வாங்கி மாட்டினேன். 172 என்பது 191 ஆனது. கணக்குப் போட்டால் குண்டின் சக்தி 7.8 ஜூலிலிருந்து 9.7 ஜூல். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் அட்டையைப் பார்த்தால் 45 மி.மீ. பரவல் 52 ஆகியிருந்தது. பேரல் முனையில் தொங்கும் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். முன்பு 14 கிலோவில் மடங்கியது, இப்போது 19 கிலோ கேட்கிறது. இருபது குண்டுக்கு ஒருமுறை ரைபிளின் மரக்கட்டையின் ஸ்குரூ தளர்ந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, "ஏண்டா, மாட்டுக்கு லாடம் அடிக்கிறயா?" என்று கேட்டார். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன்.

அடுத்த தப்பு எண்ணெய். தோல் காய்ந்திருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். சுட்டதும் 'டமார்' என்று வெடி, பேரல் வாயில் புகை, குரோனோகிராஃபில் 243. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. பிஸ்டன் அடிக்கும் வேகத்தில் காற்று சுடுகிறது, எண்ணெய் ஆவி பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் வாஷர் ஓரம் கருகியிருந்தது. இருந்த வாஷரும் போச்சு.

சரி, வாஷர் வேட்டை. சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்புக்குப் போடும் தோல் வாஷர் 15 ரூபாய். அளவு ஏறக்குறைய சரியாக வந்தது. ஆனால் மெல்லிசு. அறுபது குண்டில் விளிம்பு மடங்கி பிஸ்டனுக்குப் பின்னால் போய்விட்டது. பிறகு ஈரோட்டில் பதனிட்ட தடித்த தோல் ஒரு துண்டு 120 ரூபாய்க்கு வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, குழாய்த் துண்டுக்குள் அமுக்கிக் கிண்ணம் மாதிரி வடித்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்தேன். இது அருமையாக வேலை செய்தது. மூன்று வாரம்தான். அப்புறம் வேகம் மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பில் பிளேடால் கீறியது போல நாலு வெட்டு. பிசிறின் வேலை. தோல்மேல் தப்பே இல்லை, அரம் எடுக்காத என்மேல்தான்.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து பிசிறை எடுத்தேன். சிறிய அரை வட்ட அரம், அப்புறம் 400 நம்பர் எமரித் தாள், அப்புறம் 800 எமரியை ஈர்க்குச்சிக் கட்டில் சுற்றி. பள்ளத்தின் ஓரம் மட்டும்தான், சிலிண்டரின் உள்சுவரில் கை வைக்கவில்லை. மூன்று மணி நேரம். மண்ணெண்ணெயில் கழுவினால் அடியில் வெள்ளித்தூள் மாதிரி இரும்புப் பொடி படிந்தது. தொழிற்சாலையில் வைத்த கிரீஸிலேயே பாதி அதுதான் போல.

வாஷருக்கு இந்த முறை பாலியூரித்தேன். கோவையில் இதற்குப் பஞ்சமே இல்லை, ஹைட்ராலிக் சீல் செய்கிற எல்லா இடத்திலும் பி.யூ. ராடு துண்டு கிடைக்கும். 180 ரூபாய். கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். டூலை வைத்ததும் ராடு ரப்பர் மாதிரி ஒதுங்கியது. "இது வெட்டு வாங்காதுங்க தம்பி, ராத்திரி பிரீசர்ல போட்டுட்டுக் காலைல கொண்டாங்க" என்றார். பால் பாக்கெட்டுக்கு நடுவே பழுப்பு நிறத் துண்டைப் பார்த்த அம்மா சோப்புக் கட்டி என்று நினைத்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் காலை, தெர்மாகோல் டப்பாவில் ஐஸோடு எடுத்துக்கொண்டு போய், அண்ணன் பத்து நிமிடத்தில் குடை வடிவத்தில் கடைந்து கொடுத்தார். கூலி 300.

மாட்டினால் வேகம் 143. தலையில் கை வைத்தேன். வாஷர் சிலிண்டரைவிட 0.4 மி.மீ. பெரிது. நன்றாக அடைக்கட்டும் என்று நான்தான் அந்த அளவைச் சொல்லியிருந்தேன். பிரேக் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டிய கதை. டிரில்லில் மாட்டி எமரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்ப்பது, மாட்டுவது, சுடுவது, கழற்றுவது. ஐந்தாம் முறை 0.1 மி.மீ. கூடுதலில் நிறுத்தினேன். வேகம் 172, ஏற்ற இறக்கம் 29லிருந்து 15 ஆனது.

கைடுக்கு டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ராடு. அரையடி 90 ரூபாய், கடைசல் கூலி 200. அளவு 13.2 மி.மீ., ஸ்பிரிங்கின் உள்விட்டமேதான். கையால் அமுக்கி ஏற்ற வேண்டியிருந்தது. சிக்கிக்கொள்ளுமோ என்று பயந்தேன். ஸ்பிரிங் அமுங்கும்போது விட்டம் லேசாக விரிகிறது, அதனால் சிக்கவில்லை. பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் கிரைண்டரில் தட்டையாக்கி, கார் ஆக்ஸிலின் ரப்பர் உறைக்குள் போடும் மாலி (மாலிப்டினம்) கிரீஸை (140 ரூபாய்) மெல்லிசாகத் தடவினேன். வாஷருக்கு முன்பக்கம் ஒரு துளிகூடப் படக்கூடாது, பட்டால் மறுபடி டமார்தான்.

முதல் குண்டு சுட்டதும் ரைபிள் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். டொய்ங் இல்லை. 'டப்' என்று கதவு சாத்துகிற சத்தம், அவ்வளவுதான். பரவல் 45லிருந்து 30 மி.மீ. ஆனது. வேகம் ஒரு மீட்டர்கூட ஏறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அந்த ஐந்து ரூபாய் விஷயம். பேரல் மடங்கும் இடத்தில், குண்டு போடும் துளையைச் சுற்றி ஒரு சின்ன வாஷர் இருக்கிறது. நான் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நண்பர்தான் கேட்டார், "டிஷ்யூ வச்சுப் பாத்தியா?" பேரலை மூடி, அந்த மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் போட்டுச் சுட்டேன். கீற்று என் நெற்றியில் வந்து ஒட்டியது. காற்று குண்டுக்குப் பின்னால் போகாமல் என் முகத்துக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து. பழைய வாஷரை நோண்டி எடுத்துவிட்டு, பேரிங் கடையில் அளவு பார்த்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இரண்டு, ஒன்று ஐந்து ரூபாய். பள்ளம் கொஞ்சம் ஆழம் என்பதால் அடியில் விசிட்டிங் கார்டை வளையமாக வெட்டிப் போட்டேன். டிஷ்யூ அசையவில்லை. வேகம் 172லிருந்து 181, ஏற்ற இறக்கம் ஏழே ஏழு. 450 ரூபாய் ஸ்பிரிங்கில் கிடைத்ததில் பாதி வேகம் ஐந்து ரூபாயில் கிடைத்தது, அதுவும் கை வலிக்காமல். அடுத்த முறை எந்த ஸ்பிரிங் ஏர்கன் கைக்கு வந்தாலும், ஸ்குரூ டிரைவரைத் தொடும் முன் டிஷ்யூவைத்தான் தொடுவேன்.

பேரல் மூட்டில் பக்கவாட்டு ஆட்டமும் இருந்தது. 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி இருபக்கமும் போட்டதும் ஆட்டம் போனது. தகடு 60 ரூபாய், வளையத்தை வட்டமாக வெட்ட ஆன நேரம் ஒரு மாலை. பரவல் 24 மி.மீ. பேரலின் வாய் ஓரத்தில் லேசான அடி இருந்தது. வட்டத்தலைப் பித்தளை ஸ்குரூவை டிரில்லில் மாட்டி, வால்வு தேய்க்கும் பேஸ்ட் தடவி, மெதுவாகச் சுற்றி ஓரத்தைச் சமமாக்கினேன். பழைய மெக்கானிக் வித்தை, காசு செலவில்லை.

டிரிக்கரில் நான் செய்ததை யாரும் செய்யவேண்டாம். அதை இழுக்கத் தராசில் 3.8 கிலோ காட்டியது. பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி மாட்டும் முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்தால் இலகுவாகும் என்று தேய்த்தேன். 1.5 கிலோவுக்கு இறங்கியது, வெண்ணெய் மாதிரி. நல்லவேளையாக ஒரு சோதனை செய்யத் தோன்றியது. லோட் செய்து, பேரலை மூடி, வாயை மணல் மூட்டையில் வைத்து, பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டினேன். விரல் படாமலே வெடித்தது. பேரல் மடங்கிய நிலையில், நான் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது அது விடுபட்டிருந்தால் பேரல் அறைந்து மூடியிருக்கும், விரல் இருந்திருக்காது. அன்று மாலை எதையும் தொடவில்லை. புதுக் கொக்கி 350 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அதன் முகத்தைத் தொடவே இல்லை. அச்சுப் பின்களை மட்டும் பளபளப்பாக்கி, ஆட்டத்துக்கு மெல்லிய வளையம் போட்டு, மாலி ஒரு பொட்டு. 2.7 கிலோ. தட்டினால் விடுபடவில்லை. போதும். அதிலிருந்து குண்டு போடும்போது ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கும்.

24ஐ 18 ஆக்கியதில் பாதி நான் பிடிக்கும் முறை. மணல் மூட்டைமேல் நேராக வைத்து இறுக்கிப் பிடித்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் துப்பாக்கி குண்டு வெளியேறும் முன்பே முன்னும் பின்னும் உதைக்கிறது. இறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு திசையில் எகிறும். மூட்டைமேல் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் ரைபிளைச் சும்மா உட்காரவைத்தால் தன் போக்கில் ஒரே மாதிரி உதைத்துவிட்டுப் போகிறது. இது தெரியாமல் ஒரு மாதம் போனது.

செலவு, குண்டுகளைச் சேர்க்காமல், 1,915 ரூபாய். அதில் ஸ்பிரிங், சைக்கிள் வாஷர், தோல், நான் கெடுத்த கொக்கிக்கு மாற்று என 935 ரூபாய் தண்டம். மிச்சம் 980தான் உண்மையான வேலை.

இந்த 980 ரூபாய் வேலையைத் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்தால் இதில் பாதிகூட ஆகாது. அதனால்தான் புது மாடல் என்றதும் கவலை வந்தது. பெட்டிமேல் வேகத்தின் எண்ணைப் பெரிதாக அச்சடித்து, உள்ளே இன்னும் கெட்டியான ஸ்பிரிங்கை அதே லொடலொட கைடில் சொருகித் தந்துவிடுவார்களோ என்று. நம் நாட்டு விதியில் 20 ஜூல் வரை இடம் இருக்கிறதே என்று அதுவரை தள்ளிக்கொண்டு போகவும் செய்யலாம். ஜெர்மனியில் உரிமமில்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைபிளின் எல்லை 7.5 ஜூல். அந்த எல்லைக்குள்ளேயே அங்கே நல்ல ரைபிள்கள் தலைமுறைகளாக விற்கின்றன. 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய பத்து மீட்டர் போட்டியின் ரைபிள்களும் ஏறக்குறைய அந்தச் சக்திதான். என்னுடையது இப்போது 8.7 ஜூல். காகிதத்தில் ஓட்டை போட இதற்குமேல் எதற்கு? வேறு எதையும் சுடும் எண்ணம் எனக்கில்லை, தோப்பு மயில்களுக்கும் அது தெரிந்துவிட்டது, அட்டைக்குப் பக்கத்திலேயே மேய்கின்றன.

புது மாடலில் நான் எதிர்பார்ப்பது எல்லாம் சின்னச் சின்னது. ஸ்பிரிங்குக்குப் பொருந்துகிற கைடு. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு அரம். மூட்டில் ஓ-ரிங், கூடவே பெட்டியில் உதிரியாக இரண்டு. டிரிக்கர் மட்டும் கொஞ்சம் பெரிய ஆசை. ஜெர்மனியின் வைராக் கம்பெனி 1950களிலேயே ரெக்கார்ட் என்ற இரண்டு கட்ட டிரிக்கரைச் செய்துவிட்டது, எங்கே விடுபடும் என்று விரலுக்கு முன்கூட்டியே தெரியும். எழுபது வருடம் கழித்து அதில் முக்கால்வாசி வந்தால்கூட ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரத் தயார். அப்புறம் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டும் தண்டவாளத்தில் ஒரே ஒரு ஸ்டாப்பர் துளை. உதையில் ஸ்கோப் ஐம்பது குண்டுக்கு இரண்டு மி.மீ. பின்னால் நகர்கிறது, நான் பென்சிலில் கோடு போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. விசிட்டிங் கார்டு வளையம் நானூறு குண்டில் நசுங்கிவிட்டது, போன வாரம் டிஷ்யூ லேசாக ஆடியது. பித்தளையில் வெட்டிப் போடவேண்டும். டெல்ரின் கைடு இன்னொன்று உதிரியாக இருக்கட்டும் என்று லேத் அண்ணனிடம் போனேன். என் அளவை அவர் சுவரில் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார். நான் சொல்லி அனுப்பிய இரண்டு பேர் மூலம் ஆறு கைடு கடைந்து கொடுத்துவிட்டாராம்.

"இப்ப கூலி முந்நூத்தம்பதுங்க தம்பி" என்றார், என்னிடமே.